இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) வந்த பிறகு 100 சிசி கார்புரேட்டர் வண்டி: மிக்ஸர் ஸ்க்ரூவை எவ்வளவு திறக்கணும்?

#1 கரூர்100

வணக்கம். வண்டி 2009 மாடல், 100 சிசி, நாலு ஸ்ட்ரோக், ஸ்லைடு வகை கார்புரேட்டர். ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளையுள்ள பித்தளைத் திருகு) எல்லாம் வண்டியோடு வந்ததுதான். பங்க்கில் இ20 மட்டும் கிடைக்க ஆரம்பித்த பிறகு தெரியும் மாற்றங்கள் இவை:

காலையில் சோக் போட்டால்தான் ஸ்டார்ட் ஆகுது, சோக்கை எடுத்தா உடனே நின்னுடுது. ஆக்ஸிலேட்டரை விட்டதும் ஆர்பிஎம் சட்டுன்னு இறங்காம கொஞ்ச நேரம் மேலேயே நிக்குது. 40 கி.மீ. வேகத்தில் ஒரே சீரா போகும்போது வெட்டி வெட்டிப் போகுது, நல்லா முறுக்கினா சரியாயிடுது. பிளக் முனை வெள்ளையா இருக்கு. ஏர் ஃபில்டர் புதுசு.

மிக்ஸர் ஸ்க்ரூ இப்போ முழுசா மூடின நிலையிலிருந்து 1½ சுற்று வெளியே இருக்கு. திறந்து பார்த்தா ஐடிலிங் மாறுது, ஆனா 40-ல வெட்டுறது மாறலை. இ20-க்கு எத்தனை சுற்று வைக்கணும்?

#2 திருச்சி_டாப்கியர்

2½ சுற்று வைங்க, முடிஞ்சது. இ20-க்கு எல்லா வண்டிக்கும் இதுதான் செட்டிங்.

#3 பைலட்ஜெட்

"எல்லா வண்டிக்கும்" என்று ஒரு எண் கிடையாது. இதை மறுத்தே ஆகவேண்டும், ஏனென்றால் பாதி வண்டிகளில் இந்த ஆலோசனை நேர் எதிராக வேலை செய்யும்.

மிக்ஸர் ஸ்க்ரூ என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு வகை இருக்கிறது. ஸ்லைடுக்கு (ஆக்ஸிலேட்டர் கேபிளோடு ஏறி இறங்கும் உருளை) ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது ஏர் ஸ்க்ரூ. பைலட் சர்க்யூட்டுக்குள் (ஐடிலிங்குக்குப் பெட்ரோல் கொடுக்கும் சிறு வழி) போகும் காற்றை அளக்கிறது. வெளியே திருப்பினால் காற்று கூடும், கலவை லீன் (பெட்ரோல் குறைவு) ஆகும். உள்ளே திருப்பினால் ரிச் (பெட்ரோல் அதிகம்). ஸ்லைடுக்கு இன்ஜின் பக்கம் இருந்தால் அது ஃபியூல் ஸ்க்ரூ. பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவையை அளக்கிறது. வெளியே திருப்பினால் ரிச், உள்ளே திருப்பினால் லீன். சந்தேகம் இருந்தால் கார்புரேட்டரைக் கழற்றி, ஸ்க்ரூ ஓட்டை வழியாக கிளீனர் ஸ்பிரே அடித்துப் பாருங்கள். ஸ்லைடைத் தாண்டி இன்ஜின் பக்கத்து சின்ன ஓட்டையில் வந்தால் ஃபியூல் ஸ்க்ரூ, வாய்ப்பகுதியில் ஃபில்டர் பக்கமும் வந்தால் ஏர் ஸ்க்ரூ. அதைவிட உயரமாக, ஸ்பிரிங்கோடு ஸ்லைடைத் தாங்கி நிற்பது ஐடிலிங் ஸ்க்ரூ. அது கலவையை மாற்றாது, ஸ்லைடு எவ்வளவு கீழே இறங்கலாம் என்பதை மட்டும் தீர்மானிக்கும்.

இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியம். இந்த ஸ்க்ரூ எந்த வகையானாலும் அதன் ஆட்சி பைலட் சர்க்யூட் மட்டுமே. ஐடிலிங்கிலிருந்து ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு ஆக்ஸிலேட்டர் வரைக்கும் அது சொல்வதுதான் சட்டம். கால் பங்குக்கு மேல் அதன் பேச்சு எடுபடாது. எட்டில் ஒன்று முதல் கால் வரை ஸ்லைடின் வெட்டுச் சரிவு, கால் முதல் முக்கால் வரை ஸ்லைடில் தொங்கும் ஊசியான நீடிலும் அது இறங்கும் நீடில் ஜெட்டும், முக்காலுக்கு மேல் மெயின் ஜெட். இந்த எல்லைகள் கோடு போட்ட மாதிரி இருக்காது, ஒன்றோடொன்று கலந்தே வரும்.

ஆகவே எத்தனை சுற்று என்ற கேள்விக்கு முன்னால், எவ்வளவு முறுக்கும்போது வெட்டுகிறது என்று பார்க்க வேண்டும். கைப்பிடி ரப்பரில் ஒரு வெள்ளை டேப் துண்டு, சுவிட்ச் பெட்டியில் மூடியது, கால், அரை, முக்கால், முழுசு என்று ஐந்து கோடு. வேகத்தையோ கியரையோ வைத்துச் சொல்லாதீர்கள். 40 கி.மீ. வேகம் சமதளத்தில் கால் முறுக்கு, ஏற்றத்தில் அரை முறுக்கு.

வெட்டும் அதே நிலையில் சோக்கைப் பாதி இழுத்துப் பாருங்கள். சரியானால் லீன். மோசமானால் ரிச். சோக் எட்டாத வண்டியில் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு ஓட்டலாம். ஃப்ளோட் பௌலில் (கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் நிற்கும் கிண்ணம்) மட்டம் இறங்க இறங்கக் கலவை லீன் ஆகும். நிற்பதற்கு முன் சில வினாடி வண்டி நன்றாக ஓடினால் அதுவரை ரிச்சாக இருந்தது என்று அர்த்தம். போக்குவரத்து இல்லாத சாலையில் மட்டும் இதைச் செய்யுங்கள்.

ஸ்க்ரூ எந்தப் பக்கம், எந்தக் கோட்டில் வெட்டுகிறது, பாதி சோக்கில் என்ன ஆகிறது, இந்த மூன்றையும் எழுதுங்கள்.

#4 கரூர்100

ஸ்க்ரூ ஃபில்டர் பக்கம். வெட்டுறது கால் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னாடி ஆரம்பிச்சு அரைக் கோடு வர்றதுக்குள்ள போயிடுது. பாதி சோக் இழுத்தா சுத்தமா சரியாயிடுது.

#5 பைலட்ஜெட்

அப்படியானால் உங்களுடையது ஏர் ஸ்க்ரூ. #2-இல் சொன்னபடி 2½ வைத்தால் ஏற்கெனவே லீனாக இருக்கும் வண்டி மேலும் லீன் ஆகும். காலையில் சோக்கை எடுத்ததும் நிற்பதும், ஆர்பிஎம் மேலே நிற்பதும் பைலட் சர்க்யூட்டின் குறை. 40-இல் வெட்டுவது நீடில் பகுதி. இரண்டையும் தனித்தனியாகச் சரிசெய்ய வேண்டும்.

#6 டேப்பட்_சேலம்

ஸ்க்ரூ டிரைவரை எடுக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் நில்லுங்க தம்பி. லீன் மாதிரி தெரியறதெல்லாம் கார்புரேட்டர் தப்பு இல்லை.

முதல் சந்தேகம் காற்று கசிவு. கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவுல கருப்பு இன்சுலேட்டர் கட்டை இருக்கும், ரெண்டு பக்கமும் ஓ-ரிங். ரெண்டு நட்டையும் மாத்தி மாத்தி அழுத்தி டைட் பண்ணிப் பண்ணி கார்புரேட்டர் ஃபிளேஞ்ச் வில்லு மாதிரி வளைஞ்சிருக்கும். இரும்பு ஸ்கேலை அது மேல நிமிர்த்தி வைச்சு வெளிச்சத்துல பாருங்க. நடுவுல இடைவெளி தெரிஞ்சா, கண்ணாடி மேல 400 நம்பர் எமரி ஷீட்டை விரிச்சு தட்டையா தேய்க்கணும். ஓ-ரிங் பள்ளத்தை விட்டு மேலே நிக்கலைன்னா புதுசு போடுங்க. அது சின்ன செலவு.

கசிவைக் கண்டுபிடிக்க ஐடிலிங்ல விட்டுட்டு ஜாயின்ட்டைச் சுத்தி சோப்புத் தண்ணியை சிரிஞ்சுல விடுங்க. ஆர்பிஎம் மாறினா அங்கதான் காத்து உள்ளே போகுது. சிலர் பெட்ரோல் தெளிச்சுப் பார்ப்பாங்க. சூடான சைலன்சர் பக்கத்துல அது வேண்டவே வேண்டாம்.

ரெண்டாவது டேப்பட், அதாவது வால்வு இடைவெளி. இன்லெட் வால்வு டைட்டா இருந்தா ஐடிலிங்ல கம்ப்ரஷன் போகும், கார்புரேட்டர் வழியா திருப்பித் துப்பும், நீங்க லீன்னு நினைப்பீங்க. இந்த ரக இன்ஜின்ல இடைவெளி பெரும்பாலும் 0.05-லிருந்து 0.10 மி.மீ.க்குள்ள வரும். உங்க வண்டிக் கையேட்டு அளவைத்தான் வைக்கணும். இன்ஜின் முழுசா ஆறின பிறகு, பிஸ்டன் மேலே, மேக்னெட்ல டி மார்க் ஜன்னல் கோட்டுல, ரெண்டு ராக்கரும் லூசா இருக்கும்போது ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்க.

மூணாவது பிளக். இடைவெளி 0.6-0.7 மி.மீ. ரெசிஸ்டர் கேப் பழசானாலும் மிஸ்ஸிங் காட்டும். அப்புறம் ஃபில்டர் பாக்ஸ் மூடி, ஃபில்டரையும் கார்புரேட்டரையும் சேர்க்கிற ரப்பர், அதோட கிளிப். ஃபில்டரைக் கழட்டி வைச்சுட்டு ட்யூனிங் பண்ணினா அந்த ட்யூனிங் ஃபில்டர் போட்டதும் தப்பாயிடும்.

கடைசியா கேபிள். கைப்பிடில 2-லிருந்து 6 மி.மீ. வரைக்கும் ஃப்ரீ பிளே இருக்கணும். ஹேண்டிலை ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சா ஆர்பிஎம் ஏறக் கூடாது.

#7 கரூர்100

ஓ-ரிங் தட்டையா அமுங்கிப் போயிருந்தது, மாத்தியாச்சு. டேப்பட் கையேட்டு அளவுக்கு வைச்சாச்சு. ஆர்பிஎம் மேலே நிக்கிறது பாதி குறைஞ்சிருக்கு. 40-ல வெட்டுறது அப்படியேதான் இருக்கு. ஸ்க்ரூ வைக்கிற முறையை வரிசையா சொல்லுங்க.

#8 பைலட்ஜெட்

ஸ்க்ரூவைத் தொடுவதற்கு முன் பைலட் ஜெட் சுத்தமாக இருக்க வேண்டும். அதன் துளை 0.35-0.40 மி.மீ. அளவுதான், ஒரு சிறு பிசின் படலம் போதும் பாதி அடைக்க. கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள், துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். மெல்லிய மின்கம்பியில் உள்ள ஒற்றைச் செம்பு இழை நுழைக்கலாம். ஊசி, கிட்டார் கம்பி, எஃகு எதுவும் நுழைக்கக் கூடாது. பித்தளைத் துளை பெரிதாகிவிட்டால் திரும்ப வராது. ஜெட்டின் பக்கவாட்டில் உள்ள சின்னச் சின்னக் காற்றுத் துளைகளையும் பாருங்கள். சில சிறு கார்புரேட்டர்களில் பைலட் ஜெட் அழுத்திப் பொருத்தியிருப்பார்கள், கழலாது. அதைப் பிடுங்க முயலாமல் ஸ்பிரேயும் கம்ப்ரசர் காற்றும் மட்டும் விடுங்கள்.

இப்போது ஸ்க்ரூ. முதலில் உள்ளே திருப்பி எத்தனை சுற்றில் உட்காருகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். விரல் நுனியால் திருப்பும் அளவுக்கு மேல் விசை வேண்டாம். இறுக்கினால் ஊசிமுனை வளையம் வாங்கிவிடும், அல்லது முனை உடைந்து துளைக்குள்ளேயே நின்றுவிடும். அதற்குப் பிறகு எந்தச் சுற்றும் பயன்படாது. ஃபியூல் ஸ்க்ரூ வகையாக இருந்தால் வெளியே எடுக்கும்போது ஸ்பிரிங், வாஷர், ஓ-ரிங் என்ற வரிசையைக் கவனியுங்கள். ஓ-ரிங் முனைப்பக்கம். பெரும்பாலும் அது ஓட்டைக்குள்ளேயே ஒட்டி நிற்கும், அப்படியே கிளீனர் அடித்தால் ஊதிப் பாழாகும்.

வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டி சூடாக்கிய பிறகு, திறந்த வெளியில், சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். மூடிய ஷெட்டில் கூடாது, புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. சோக் முழுக்க மூடியிருக்க வேண்டும். ஸ்க்ரூவை 1½ சுற்றில் வைத்துத் தொடங்குங்கள். ஐடிலிங் ஸ்க்ரூவால் ஆர்பிஎம்மை 1400 அளவில் நிறுத்துங்கள். ஸ்பிளெண்டர் ரக இன்ஜின்களுக்கு 1400, கூடக் குறைய 100 என்பதுதான் வழக்கமான அளவு. இந்த வண்டிகளில் ஆர்பிஎம் முள் கிடையாது. பிளக் வயரைச் சுற்றிக் கட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் வாங்கிக்கொள்ளலாம். காதை நம்பினால் 200 ஆர்பிஎம் வரை ஏமாற்றும்.

கால் சுற்று திருப்புங்கள், பத்துப் பதினைந்து வினாடி காத்திருங்கள். இன்ஜின் பதில் சொல்ல அவ்வளவு நேரம் எடுக்கும். காத்திருக்காமல் திருப்பிக்கொண்டே போவதால்தான் பலருக்கு உச்சம் எங்கே என்றே தெரிவதில்லை. ஒரு பக்கம் போனால் ஆர்பிஎம் ஏறி, உச்சம் தொட்டு, பிறகு தடுமாறி இறங்கும். மறுபக்கமும் அப்படியே. இரண்டு இறக்கத்துக்கும் நடுவில் உச்சம். அங்கே நிறுத்தி ஐடிலிங் ஸ்க்ரூவை 1400-க்கு இறக்குங்கள். ஸ்லைடு இறங்கியதால் கலவை சற்று மாறியிருக்கும், ஆகவே எட்டில் ஒரு சுற்று அளவுகளில் மீண்டும் ஒரு முறை உச்சத்தைத் தேடுங்கள். காற்றால் குளிரும் இன்ஜினை நிறுத்தி வைத்து நெடுநேரம் ஓடவிட்டால் சூடு கூடி அளவு மாறும். இடையில் ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்து தொடருங்கள்.

முடிவுச் சோதனை: சட்டென்று முறுக்கி விடுங்கள். திணறி, கார்புரேட்டர் பக்கம் துப்பினால் லீன். ஆர்பிஎம் மேலேயே நின்று மெதுவாக இறங்கினாலும் லீன். 1400-க்குக் கீழே முங்கி பிறகு எழுந்தால் ரிச். எட்டில் ஒரு சுற்றுக்குள் இதைச் சரிசெய்துவிடலாம்.

கடைசியில் ஸ்க்ரூ எங்கே நிற்கிறது என்பதே ஒரு தகவல். ஏர் ஸ்க்ரூவில் உச்சம் முக்கால் சுற்றுக்கும் குறைவாக வந்தால் பெட்ரோல் போதவில்லை: பைலட் ஜெட் அடைப்பு, அல்லது ஒரு நம்பர் சிறியது, அல்லது எங்கோ கசிவு. 3 சுற்றைத் தாண்டினால் பெட்ரோல் அதிகம்: ஃப்ளோட் மட்டம் உயரம், சோக் முழுசாக மூடவில்லை, அல்லது ஜெட் பெரியது. ஃபியூல் ஸ்க்ரூவில் இது தலைகீழ்.

#9 நீடில்_கிளிப்

இ20 பக்கம் கொஞ்சம் கணக்கு போடலாம். எவ்வளவு லீன் ஆகும் என்று தெரியாமல் ஜெட் வாங்கினால் வீண்.

சுத்தமான பெட்ரோல் 1 கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும், அதற்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. 20 சதவீதம் கலந்தால் தேவை 13.5 அளவுக்கு இறங்குகிறது, இ10-க்கு 14.1. கார்புரேட்டருக்கு என்ன பெட்ரோல் என்று தெரியாது. அதே துளை, அதே உறிஞ்சல், அதே அளவு. ஆகவே எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வைத்த வண்டி இ20-இல் சுமார் 8 சதவீதம் லீன், இ10-க்கு வைத்த வண்டி சுமார் 4 சதவீதம் லீன்.

ஜெட் நம்பருக்கு வரலாம். கெய்ஹின் மெயின் ஜெட்டில் நம்பர் துளையின் விட்டம், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக் கணக்கு. 75 என்றால் 0.75 மி.மீ. ஓட்டம் பரப்பைப் பொறுத்தது, பரப்பு விட்டத்தின் வர்க்கம். 8 சதவீதம் கூடுதல் ஓட்டத்துக்கு விட்டம் 4 சதவீதம் கூடினால் போதும்: 75-க்குப் பதில் 78. மிக்குனியின் அறுகோணத் தலை ஜெட்டில் நம்பர் ஓட்ட அளவு, அங்கே 100-க்குப் பதில் 107.5. இரண்டு நிறுவன நம்பர்களையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது. கெய்ஹினில் 75-ஐ எடுத்துவிட்டு 85 போட்டால் 28 சதவீதம் ரிச், பிளக் கரியாகும்.

ஆனால் மெயின் ஜெட்டைத் தொடவே தேவையில்லாமல் போகலாம். முழு முறுக்கில் சக்திக்காகவும் இன்ஜின் குளிர்ச்சிக்காகவும் தயாரிப்பாளர்களே ரிச்சாகத்தான் வைப்பார்கள், அங்கே 8 சதவீதத்தைத் தாங்கும் இடம் இருக்கிறது. இடமே இல்லாதது கால் முறுக்கில் சீராக ஓடும் பகுதி. நம் நாட்டு 100 சிசி வண்டிகளில் மைலேஜ் முழுக்க அங்கேதான் பிழிந்து எடுக்கப்படுகிறது. கரூர் நண்பரின் வண்டி சரியாக அங்கே வெட்டுவது எனக்கு ஆச்சரியமில்லை. நீடிலை உயர்த்துங்கள்.

மைலேஜ் குறைவது பற்றியும் ஒரு வார்த்தை. நிதி ஆயோக்கின் 2021 எத்தனால் திட்ட அறிக்கையே, இ0-க்கு வடிவமைத்து இ10-க்கு அளவிட்ட இருசக்கர வண்டிகளில் 3-4 சதவீதம் குறையும் என்று மதிப்பிட்டது. எத்தனாலின் எரிசக்தி குறைவு. அந்த இழப்பை எந்த ஸ்க்ரூவும் திருப்பித் தராது.

#10 கரூர்100

ஸ்க்ரூ 1 சுற்றில் உச்சம் வந்தது, அங்கேயே வைச்சாச்சு. சோக் இல்லாம ஐடிலிங் நிக்குது, ஆர்பிஎம் உடனே இறங்குது. நீடிலைக் கழட்டினா கிளிப் மாட்டுற அஞ்சு பள்ளம் எதுவும் இல்லை, ஒரே ஒரு பள்ளம்தான்.

#11 நீடில்_கிளிப்

எமிஷன் கட்டுப்பாடு இறுகிய பிறகு வந்த பல வண்டிகளில் அப்படித்தான், யாரும் மாற்றக் கூடாது என்பதற்காக. ஐந்து பள்ள நீடிலாக இருந்தால் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்க வேண்டும். கிளிப் கீழே போனால் நீடில் மேலே ஏறும், ரிச். மேல் பள்ளம் லீன்.

ஒற்றைப் பள்ளத்துக்கு வாஷர்தான் வழி. 0.5 மி.மீ. தடிமனில், நீடில் தண்டு மட்டும் நுழையும் துளையுள்ள வாஷர். கிளிப்புக்குக் கீழே, ஸ்லைடின் அடித்தளத்துக்கு மேலே போட வேண்டும். கிளிப்புக்கு மேலே போட்டால் எந்தப் பயனும் இல்லை. ஒன்று போட்டு ஓட்டிப் பாருங்கள். போதாவிட்டால் இன்னொன்று. இரண்டுக்கு மேல் வேண்டியிருந்தால் குறை வேறு இடத்தில் இருக்கிறது.

திரும்பப் பொருத்தும்போது ஸ்லைடின் வெட்டுச் சரிவு ஃபில்டர் பக்கம் பார்க்க வேண்டும், பக்கப் பள்ளம் உள்ளே உள்ள முள்ளில் உட்கார வேண்டும். திருப்பிப் போட்டு ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் முழு வேகத்தில் அலறும். மூடியைத் திருகிய பிறகு, ஸ்டார்ட் செய்வதற்கு முன், ஆக்ஸிலேட்டரை முறுக்கி விட்டு "டக்" என்று ஸ்லைடு அடியில் விழும் சத்தத்தைக் கேளுங்கள்.

#12 கோத்தகிரி_ரைடர்

மலையில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஸ்லைடு கார்புரேட்டரில் கலவை அடர்த்தியின் வர்க்கமூலக் கணக்கில் மாறும், அதாவது ஏறக்குறைய 12 சதவீதம் ரிச். இ20 கொடுக்கும் 8 சதவீத லீனைக் கழித்தால், சமவெளிக்கு வைத்த பழைய வண்டி இங்கே முன்பைவிடச் சரியாக ஓட வேண்டும், ஓடவும் செய்கிறது. ஆகவே சமவெளி நண்பர்கள் சொல்லும் வாஷர், 78 ஜெட் இவற்றை நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு வண்டிகளில் அப்படியே போடாதீர்கள். மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் தினமும் ஏறி இறங்கும் வண்டியைச் சமவெளிக்கே வைத்துவிடுங்கள். ரிச்சாக ஓடினால் பிளக் கறுக்கும், லீனாக ஓடினால் பிஸ்டன் போகும்.

#13 மைலேஜ்_மதுரை

எல்லாரும் ரிச் பண்ணச் சொல்றீங்க. லீனா வைச்சா மைலேஜ் கிடைக்குமே?

#14 டேப்பட்_சேலம்

கொஞ்சம் வரைக்கும்தான் தம்பி. வெட்ட ஆரம்பிச்ச பிறகு ஒவ்வொரு மிஸ்ஸிங்கும் எரியாத பெட்ரோல், நேரா சைலன்சர்ல போகுது. நீங்களும் அதை ஈடுகட்ட இன்னும் முறுக்குவீங்க. லீன் கலவை மெதுவா எரியும், எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதும் எரிஞ்சிட்டே இருக்கும், வால்வு சீட்தான் அடி வாங்கும். மைலேஜ் வேணும்னா டயர் காத்து, பிரேக் உரசல், செயின் தளர்வு, கிளட்ச் இதைப் பாருங்க.

இரண்டு ஸ்ட்ரோக்ல, யமஹா ஆர்எக்ஸ்100 மாதிரி வண்டில, லீன் வைக்கிறது நேரடியா சீஸ் ஆகுறதுல (பிஸ்டன் சிலிண்டர்ல இறுகி நிக்கிறதுல) முடியும். பிஸ்டன் குளிர்றது பெரும்பாலும் உள்ளே வர்ற பெட்ரோலாலதான். பழைய மொபெட்ல டேங்க்லயே ஆயில் கலக்கிறவங்க, பாதுகாப்புக்குன்னு ஆயிலைக் கூட்டி ஊத்தினா ஜெட் வழியா போற பெட்ரோல் அந்த அளவு குறையுதுங்கறதையும் நினைவுல வைங்க. குறிச்ச அளவுக்கு மேல ஆயில் ஊத்தறதும் லீன் பண்றதுதான்.

#15 ஈரோடு_150

150 சிசி பைக், சிவி கார்புரேட்டர், டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு) உள்ளது. இதே முறையா?

#16 பைலட்ஜெட்

ஐடிலிங் முறை அதே. ஆனால் அங்கே பெரும்பாலும் ஃபியூல் ஸ்க்ரூ, இன்ஜின் பக்கம், அடியில். சிலவற்றில் பித்தளை மூடி அடித்து அடைத்திருப்பார்கள். அதை 2 மி.மீ. பிட்டால் மெதுவாகத் துளைத்து எடுக்க வேண்டும். பிட் உள்ளே விழுந்தால் ஸ்க்ரூத் தலை போய்விடும். ஸ்லைடைத் தூக்குவது உங்கள் கை அல்ல, வெற்றிடம். ஆகவே கைப்பிடிக் கோட்டை வைத்து நீடில் பகுதியைக் கணிப்பது தோராயம்தான். நடு ஆர்பிஎம்முக்கு மேல் வண்டி ஏறவே மறுத்தால் முதலில் டயாஃப்ரமை வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள், ஊசி முனை ஓட்டை போதும். அந்த ரப்பரில் கிளீனர் ஸ்பிரே படவே கூடாது.

#17 கரூர்100

ஒரு வாஷர் போட்டதுல 40-ல வெட்டுறது நின்னுடுச்சு. அரை முறுக்குலயும் திணறல் இல்லை. மெயின் ஜெட் மாத்தலாமா வேண்டாமான்னு எப்படி முடிவு பண்றது? பிளக் இன்னும் வெளுப்பாத்தான் இருக்கு.

#18 நீடில்_கிளிப்

பிளக் நிறத்தை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். எத்தனால் கரி குறைவாக எரியும், சரியான கலவையிலும் பீங்கான் வெளுப்பாகவே தெரியலாம். பயப்பட வேண்டியது பீங்கானில் பளபளப்பும் சின்னச் சின்ன மணிகளும் தெரிந்தால், அல்லது எலெக்ட்ரோட் ஓரம் உருண்டு தேய்ந்திருந்தால்.

மெயின் ஜெட்டுக்குத் தனிச் சோதனை உண்டு. ஆளில்லாத நேரான சாலையில், மூன்றாவது கியரில், முழு முறுக்கில் சில வினாடி பிடித்து, அப்படியே கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு சாவியை ஆஃப் செய்யுங்கள். லாக் வரை திருப்பிவிடக் கூடாது. ஐடிலிங்கில் ஓடவிடாமல் நிறுத்திய பிளக்தான் மெயின் ஜெட்டைப் பற்றிப் பேசும். இன்னொன்று, முழு முறுக்கில் போகும்போது கைப்பிடியை முக்காலுக்கு இறக்கிப் பாருங்கள். வண்டி ஒரு கணம் வேகம் எடுத்தால் மெயின் ஜெட் சிறியது. எடுக்காவிட்டால் ஜெட்டை விட்டுவிடுங்கள்.

#19 டேப்பட்_சேலம்

ஐடிலிங்குக்கு இன்னொரு வழி இருக்கு. புகை சோதனைக்குப் போகும்போது சான்றிதழை மட்டும் வாங்கிட்டு வராதீங்க, எண்ணைப் பாருங்க. 2000 மார்ச்சுக்கு அப்புறம் வந்த, பிஎஸ்4 மாசு விதிக்கு முந்தின நாலு ஸ்ட்ரோக் வண்டிக்கு வரம்பு கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 4,500 பிபிஎம். கார்பன் மோனாக்சைடு 1.5-லிருந்து 2.5-க்குள்ள நின்னா ஐடிலிங் கலவை நல்ல இடத்துல இருக்கு. 4-க்கு மேலன்னா ரிச். 0.3, 0.4-னு வந்து ஹைட்ரோகார்பன் மட்டும் ஏறிக் கிடந்தா அது சுத்தமான வண்டி இல்லை, லீன்ல மிஸ்ஸிங் ஆகுற வண்டி. சைலன்சருக்குள்ள காத்து விடுற ஏர் இன்ஜெக்‌ஷன் குழாய் இருக்கிற வண்டில அந்தக் குழாயை அழுத்திப் பிடிச்சுட்டு ரீடிங் எடுங்க, இல்லேன்னா எண் குறைச்சுக் காட்டும். ஆக்ஸிலேட்டரை விடும்போது சைலன்சர்ல "பட் பட்"னு வெடிக்கிறதுக்கும் பல நேரம் அந்தக் குழாய்ல இருக்கிற வால்வுதான் காரணம், ஸ்க்ரூ இல்லை.

#20 கரூர்100

முக்காலுக்கு இறக்கினா வேகம் எடுக்கலை, ஜெட்டைத் தொடலை. மழைக்காலத்துல வண்டி வாரக்கணக்குல நிக்கும். இ20-ல வேற ஏதாவது பார்க்கணுமா?

#21 பைலட்ஜெட்

ஆம், தண்ணீர். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஓர் அளவுக்கு மேல் போனால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும், அதைத்தான் கார்புரேட்டர் முதலில் குடிக்கும். ஃப்ளோட் பௌல் உட்புறத்தில் வெள்ளைத் தூள் படிவதும் இதனால்தான், அந்தத் தூள் போய் அடைப்பது பைலட் ஜெட்டை.

நிறுத்தி வைப்பதற்கு முன் டேப்பை மூடி, பௌலின் அடியில் உள்ள டிரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்தி, இன்ஜின் ஆறிய நிலையில் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் வடித்துவிடுங்கள். இரண்டு அடுக்காகப் பிரிந்து நின்றால் டேங்கையும் வடிக்க வேண்டும். டேங்க் மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் மாற்றுங்கள், மழைத்தண்ணீர் அந்த வழியாகத்தான் இறங்கும். பெட்ரோல் குழாய் மெத்து மெத்தென்று ஊதியோ, வளைக்கும்போது கீறல் விட்டோ இருந்தால் எத்தனால் தாங்கும் குழாய் கேட்டு வாங்குங்கள். ஃப்ளோட் நீடிலின் ரப்பர் முனையில் வளையம் பதிந்திருந்தால் அதுவும் புதிது. அங்கே கசிந்தால் மட்டம் ஏறி எல்லா முறுக்கிலும் ரிச் ஆகும், நீங்கள் இப்போது வைத்த 1 சுற்றும் தப்பாகத் தெரியும்.